ஷேர் ஃபோல்டரை கமாண்ட் லைனில் மவுண்ட் செய்வது: மலை ஆபீஸ்களுக்கான கேள்வி பதில்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் தேயிலை ஃபேக்டரி ஆபீஸ்களில் பெரும்பாலும் இரண்டு மூன்று கணினிகள்தான் இருக்கும். ஆபீஸ் அறையில் விண்டோஸ் கணினி ஒன்று, அதில் கணக்கு ஃபோல்டர். இலை எடை போடும் இடத்தில் லினக்ஸ் போட்ட பழைய கணினி ஒன்று. விவசாயிகள் கொண்டுவரும் பசுந்தேயிலையின் எடை அங்கே பதிவாகி, ஆபீஸ் கணினியின் ஃபோல்டருக்குள் போய்ச் சேர வேண்டும். மாதக் கடைசியில் அந்தக் கணக்கை வைத்துத்தான் பணப் பட்டுவாடா. இந்த ஏற்பாட்டை மனதில் வைத்தே கீழே உள்ள பதில்களை எழுதியிருக்கிறேன். பள்ளி ஆபீஸ், லாட்ஜ், ஆஸ்பத்திரி என்று எங்கே இருந்தாலும் முறை இதேதான்.

கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறீர்களே, அப்படியே தட்டலாமா?

இல்லை. ஃபோனில் ஒருவருக்குச் சொல்வது போல, வாசிக்கும் ஒலியில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது எல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்துகளில்தான். எம்என்டி, ஈடிசி, யுஐடி, ஜிஐடி, சிஐஎஃப்எஸ் போன்றவற்றை எழுத்தெழுத்தாக அடிக்க வேண்டும். கோடு, சாய்கோடு, காற்புள்ளி எல்லாம் இங்கே இருப்பது போலவே. உதாரணத்துக்கு ஆபீஸ் கணினியின் முகவரி 192.168.1.10, ஷேரின் பெயர் ‘கணக்கு’, பயனர் பெயர் ‘இலை’ என்று வைத்துக்கொள்கிறேன். அந்த இடங்களில் உங்களுடையதைப் போடுங்கள்.

மவுஸில் க்ளிக் செய்தாலே ஷேர் திறக்கிறது. பிறகு எதற்கு மவுண்ட்?

ஃபைல் மேனேஜரில் க்ளிக் செய்து திறந்தால் அது உங்கள் லாகினோடு சேர்ந்தது. நீங்கள் லாக் அவுட் செய்தால் அதுவும் போய்விடும். இரவில் தானாக ஓடும் பேக்கப்புக்கோ, எடை மென்பொருளுக்கோ அது கண்ணில் படாது. மவுண்ட் செய்தால், அந்த ஷேர் உங்கள் கணினியிலேயே உள்ள ஒரு ஃபோல்டர் போல எல்லா மென்பொருளுக்கும் தெரியும். எந்த ஃபோல்டரின் மேல் மவுண்ட் செய்கிறீர்களோ அதை மவுண்ட் பாயிண்ட் என்பார்கள்.

கட்டளை அடிப்பதற்கு முன் எதையெல்லாம் பார்த்துக்கொள்ள வேண்டும்?

முதலில் ஆபீஸ் கணினியின் முகவரி மாறாமல் இருக்க வேண்டும். நம் ஊரில் கரண்ட் போய் வருவது சகஜம். ரவுட்டர் திரும்ப உயிர் பெறும்போது ஒவ்வொரு கணினிக்கும் புது முகவரி கொடுத்துவிடலாம். நேற்று 10-ல் இருந்தது இன்று 14-க்குப் போயிருக்கும், நீங்கள் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டிருப்பீர்கள். ரவுட்டரின் அமைப்பில் ஆபீஸ் கணினிக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

அடுத்து, வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். ஷேரிங் நடப்பது 445-ஆம் போர்ட் (கணினியின் எண்ணிட்ட நெட்வொர்க் வாசல்) வழியாக:

என்சி -இசட்வி 192.168.1.10 445

‘சக்ஸீடட்’ என்று வந்தால் வழி இருக்கிறது. பிங் (கணினி பதில் தருகிறதா என்று கேட்கும் கட்டளை) அடித்துப் பதில் வரவில்லை என்பதற்காகக் கணினி இல்லை என்று முடிவு செய்யாதீர்கள், விண்டோஸ் பல நேரம் பிங்குக்குப் பதில் சொல்லாது. போர்ட்டே திறக்கவில்லை என்றால் விண்டோஸில் அந்த நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் ஷேரிங்கை இயக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கடைசியாக, என்னென்ன ஷேர் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள்:

எஸ்எம்பிக்ளையண்ட் -எல் //192.168.1.10 -யு இலை

இதில் எல், யு இரண்டு மட்டும் பெரிய எழுத்து. பட்டியலில் ‘கணக்கு’ வந்துவிட்டால் பெயர், பாஸ்வேர்ட் இரண்டும் சரி என்று அர்த்தம். பாதி வேலை முடிந்தது.

சரி, மவுண்ட் செய்யும் கட்டளை என்ன?

உபுண்டு, டெபியன் வகை லினக்ஸில் முதலில் சிஐஎஃப்எஸ்-யுடில்ஸ் என்ற தொகுப்பை நிறுவுங்கள். வரியின் தொடக்கத்தில் உள்ள சூடோ (எஸ்-யு-டி-ஓ) நிர்வாகி அதிகாரத்தோடு ஓடச் சொல்வது:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் சிஐஎஃப்எஸ்-யுடில்ஸ்

இது இல்லாமல் மவுண்ட் அடித்தால் ‘ராங் எஃப்எஸ் டைப், பேட் ஆப்ஷன்’ என்று சம்பந்தமில்லாதது போல ஒரு பிழை வரும். அப்புறம் ஒரு காலி ஃபோல்டர்:

சூடோ எம்கேடிஐஆர் -பி /எம்என்டி/கணக்கு

அதன் மேல் மவுண்ட்:

சூடோ மவுண்ட் -டி சிஐஎஃப்எஸ் //192.168.1.10/கணக்கு /எம்என்டி/கணக்கு -ஓ யூசர்நேம்=இலை,யுஐடி=1000,ஜிஐடி=1000

யுஐடி, ஜிஐடி என்பவை உங்கள் பயனர் எண், குழு எண். ஓ-வுக்குப் பிறகு வரும் பட்டியலில் காற்புள்ளிக்கு அடுத்து இடைவெளி விடவே கூடாது. பாஸ்வேர்ட் கேட்கும், அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாது, அப்படியே அடித்து எண்டர் தட்டுங்கள். பதில் எதுவும் வராமல் அடுத்த வரிக்கு வந்தால் வேலை ஆகிவிட்டது. ‘ஃபைண்ட்மவுண்ட் -டி சிஐஎஃப்எஸ்’ என்று அடித்து உறுதி செய்துகொள்ளுங்கள். அதை எஃப்-ஐ-என்-டி-எம்-என்-டி என்று எழுத வேண்டும்.

சிஐஎஃப்எஸ், எஸ்எம்பி, சாம்பா... எல்லாம் ஒன்றா?

எஸ்எம்பி என்பது கணினிகள் ஃபைல் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை, 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது. 1996-ல் மைக்ரோசாஃப்ட் அதற்குச் சிஐஎஃப்எஸ் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் இப்போது பழசாகிவிட்டாலும் லினக்ஸ் கட்டளையில் நிலைத்துவிட்டது. சாம்பா என்பது லினக்ஸ் கணினியே எஸ்எம்பி ஷேர் கொடுப்பதற்கான மென்பொருள், ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் 1992-ல் தொடங்கியது.

‘எரர் 13, பெர்மிஷன் டினைட்’ என்கிறது. பாஸ்வேர்ட் சரியாகத்தான் அடிக்கிறேன்.

நீங்கள் அடிப்பது பின் எண்ணா என்று பாருங்கள். காலையில் விண்டோஸைத் திறக்க நான்கு இலக்கம் அடிக்கிறோமே, அது அந்தக் கணினியின் முன் உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான். நெட்வொர்க் வழியாக வருபவருக்கு அது செல்லாது, அந்த விண்டோஸ் பயனரின் உண்மையான பாஸ்வேர்ட் வேண்டும். ஆபீஸ் கணினியை மைக்ரோசாஃப்ட் கணக்கில் திறப்பவர்களுக்குப் பெரும்பாலும் அந்தப் பாஸ்வேர்ட் நினைவிலேயே இருக்காது.

எப்போதும் நான் சொல்வது இதுதான்: முதலாளியின் கணக்கையோ கிளார்க்கின் கணக்கையோ இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஆபீஸ் கணினியில் ‘இலை’ என்று தனியாக ஒரு லோக்கல் பயனரை உருவாக்கி, அதற்கு ஒரு பாஸ்வேர்ட் வைத்து, கணக்கு ஃபோல்டரில் மட்டும் அனுமதி கொடுங்கள். ஆள் வேலையை விட்டுப் போனாலும், யாராவது பாஸ்வேர்டை மாற்றினாலும் எடைக் கணினி நிற்காது.

அனுமதி கொடுக்கும்போது விண்டோஸில் இரண்டு இடம் இருக்கிறது. ‘ஷேரிங்’ பக்கத்தில் ஒன்று, ‘செக்யூரிட்டி’ பக்கத்தில் ஒன்று. இரண்டில் எது குறைவோ அதுதான் செல்லும். ஷேரிங்கில் ‘ஃபுல் கண்ட்ரோல்’ கொடுத்துவிட்டுச் செக்யூரிட்டியை மறந்தால் உள்ளே விடாது.

மற்ற எரர் எண்கள்?

2 என்றால் ஷேரின் பெயரோ, மவுண்ட் பாயிண்டோ தப்பு. 113 என்றால் அந்த முகவரிக்கு வழியே இல்லை, கேபிளையோ ரவுட்டரையோ பாருங்கள். 115 வந்தால் கேட்டுக் கேட்டுப் பதில் வராமல் நேரம் முடிந்துவிட்டது, ஃபயர்வால் தடுப்பதாக இருக்கலாம். 112 ‘ஹோஸ்ட் இஸ் டவுன்’ என்று சொல்லும், ஆனால் எதிர்க் கணினி நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். இது பல நேரம் எஸ்எம்பி பதிப்புத் தகராறு. எந்தப் பிழை வந்தாலும் ‘சூடோ டிமெசேஜ்’ அடித்துக் கடைசி நான்கைந்து வரிகளைப் படியுங்கள், லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் காரணத்தை அங்கேதான் எழுதி வைக்கும். டி-எம்-இ-எஸ்-ஜி என்பது எழுத்து.

அந்தப் பதிப்புத் தகராறு என்ன? பழைய ஸ்டோரேஜ் பெட்டி முன்பு வேலை செய்தது, லினக்ஸை அப்டேட் செய்த பிறகு நின்றுவிட்டது.

லினக்ஸ் கெர்னல் 4.13-க்கு முன்பு வரை, கேட்காவிட்டால் எஸ்எம்பி 1-ல்தான் பேசும். அதற்குப் பிறகு 2.1 அல்லது அதற்கு மேல்தான். உங்கள் பெட்டிக்கு 1 மட்டும்தான் தெரியும் என்றால் இரண்டும் பேசிக்கொள்ளாது. ஆப்ஷன் பட்டியலில் ‘வெர்ஸ்=1.0’ சேர்த்தால் ஓடும், வி-இ-ஆர்-எஸ்.

ஆனால் அப்படியே விட்டுவிடாதீர்கள். 2017 மே மாதம் உலகம் முழுக்கக் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை பரவியது இந்த எஸ்எம்பி 1-ல் இருந்த ஓட்டை வழியாகத்தான். ‘வெர்ஸ்=1.0’ போட்டு உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு, அந்தப் பெட்டியை ஓய்வு கொடுத்து அனுப்புங்கள். விவசாயியின் கணக்கை அதில் வைத்திருப்பது நியாயமில்லை.

மவுண்ட் ஆகிவிட்டது, படிக்க முடிகிறது, எழுத மட்டும் முடியவில்லை.

யுஐடி, ஜிஐடி இரண்டையும் விட்டிருப்பீர்கள். அவை இல்லாவிட்டால் எல்லா ஃபைலும் ரூட் என்ற நிர்வாகிப் பயனருக்குச் சொந்தமானதாகத் தெரியும். ‘ஐடி’ என்று அடித்தால் உங்கள் எண் வரும், அதைப் போட்டு மறுபடி மவுண்ட் செய்யுங்கள். அதன் பிறகும் எழுத முடியாவிட்டால் தடுப்பது விண்டோஸ் பக்கம்.

பாஸ்வேர்டைக் கட்டளையிலேயே எழுதிவிடலாமா?

வேண்டாம். கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லின் பழைய கட்டளைப் பட்டியலில் அது அப்படியே தங்கிவிடும், மேல் அம்புக்குறியைத் தட்டுகிற யாருக்கும் தெரியும். /ஈடிசி/கணக்கு.கிரெட் என்று ஒரு ஃபைலை உருவாக்கி, முதல் வரியில் ‘யூசர்நேம்=இலை’, இரண்டாம் வரியில் ‘பாஸ்வேர்ட்=’ போட்டு அதையொட்டிப் பாஸ்வேர்ட். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி விடாதீர்கள். பிறகு ‘சூடோ சிஎச்மாட் 600 /ஈடிசி/கணக்கு.கிரெட்’ என்று அடித்தால் ரூட் தவிர வேறு யாராலும் திறக்க முடியாது. மவுண்ட் ஆப்ஷனில் யூசர்நேமுக்குப் பதில் ‘கிரெடென்ஷியல்ஸ்=/ஈடிசி/கணக்கு.கிரெட்’ என்று கொடுங்கள்.

ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் கையால் மவுண்ட் செய்ய வேண்டியிருக்கிறது. தானாக நடக்க வழி?

/ஈடிசி/எஃப்எஸ்டேப் என்ற ஃபைலின் கடைசியில் ஒரே வரியாக இதைச் சேருங்கள்:

//192.168.1.10/கணக்கு /எம்என்டி/கணக்கு சிஐஎஃப்எஸ் கிரெடென்ஷியல்ஸ்=/ஈடிசி/கணக்கு.கிரெட்,யுஐடி=1000,ஜிஐடி=1000,_நெட்டெவ்,நோஃபெயில்,எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட் 0 0

இதில் கடைசி மூன்று ஆப்ஷன்கள்தான் நம் மலைக்கு முக்கியம். ஆடி மாதக் காற்றில் மரம் சாய்ந்து கம்பி அறுந்து, மணிக்கணக்கில் கரண்ட் இல்லாமல் போய்த் திரும்ப வருகிறது என்று வையுங்கள். எடைக் கணினி முதலில் எழுந்துவிடும். ரவுட்டர் இன்னும் விழித்திருக்காது. ஆபீஸ் கணினியை யாராவது வந்து சுவிட்சைத் தட்டினால்தான் உண்டு. சாதாரண வரியாக இருந்தால் மவுண்ட் ஒரு தடவை முயன்று, தோற்று, அத்தோடு விட்டுவிடும். ‘_நெட்டெவ்’ நெட்வொர்க் வரும் வரை காத்திருக்கச் சொல்கிறது. ‘நோஃபெயில்’ இருந்தால் ஷேர் கிடைக்காததற்காகப் பூட் ஆவது நிற்காது. ‘ஆட்டோமவுண்ட்’ என்பது யாராவது அந்த ஃபோல்டரைத் தொடும்போது மட்டும் மவுண்ட் செய்யும் ஏற்பாடு. ஆபீஸ் கணினி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் பரவாயில்லை, அடுத்து தொடும்போது சேர்ந்துகொள்ளும்.

வரியைச் சேர்த்ததும் ‘சூடோ ஃபைண்ட்மவுண்ட் --வெரிஃபை’ அடித்து எழுத்துப்பிழை இருக்கிறதா பாருங்கள். பிறகு ‘சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட்’, அதன் பின் ஒரு ரீபூட். வேலை நேரம் முடிந்த பிறகு, ஆபீஸ் கணினியை அணைத்து வைத்துவிட்டு எடைக் கணினியை மட்டும் ஏற்றிப் பாருங்கள். நிஜத்தில் நடக்கப்போவது அதுதான்.

ஷேரின் பெயரில் இடைவெளி இருந்தால் எஃப்எஸ்டேபில் அந்த இடத்தில் \040 என்று எழுத வேண்டும். பெயரிலேயே இடைவெளி வைக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

எடைக் கணினியில் போட்டதெல்லாம் இருக்கிறது, ஆபீஸில் இரண்டு நாள் கணக்கைக் காணோம். பிறகு மவுண்ட் செய்ததும் எடைக் கணினியிலும் காணாமல் போய்விட்டது! எங்கே போனது?

எங்கும் போகவில்லை, அடியில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மவுண்ட் பாயிண்ட் என்பது முதலில் உங்கள் கணினியிலேயே உள்ள ஒரு சாதாரணக் காலி ஃபோல்டர். மவுண்ட் ஆகியிருக்கும்போது அதற்குள் எழுதுவது ஆபீஸ் கணினிக்குப் போகும். மவுண்ட் ஆகவில்லை என்றாலும் ஃபோல்டர் அங்கேயே இருக்கும், எழுத இடம் கொடுக்கும், எந்தப் பிழையும் காட்டாது. எடை மென்பொருள் வழக்கம்போல எழுதிக்கொண்டே போகும், எல்லாம் உள்ளூர் டிஸ்கில். இரண்டு நாள் கழித்து நீங்கள் மவுண்ட் செய்யும்போது ஷேர் அதன் மேல் வந்து மூடிக்கொள்கிறது. அடியில் உள்ள ஃபைல்கள் கண்ணுக்கு மறைகின்றன. மவுண்டைக் கழற்றினால் மறுபடி தெரியும். அப்படிக் கழற்றி, அவற்றை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தி, பிறகு மவுண்ட் செய்து, ஆபீஸ் ஃபோல்டரில் கவனமாகச் சேர்த்துவிடுங்கள். ஒரே பெயரில் இரண்டு பக்கமும் ஃபைல் இருந்தால் ஒன்றின் மேல் ஒன்றை எழுதிவிடாதீர்கள்.

இனி நடக்காமல் இருக்க மூன்று தடுப்புகள். மூன்றையும் போடச் சொல்வேன்.

மேலே சொன்ன ஆட்டோமவுண்ட் இருந்தால் பாதுகாப்பு ஏற்கெனவே ஓரளவு வந்துவிடும். ஷேர் கிடைக்காதபோது ஃபோல்டரைத் தொட்டால் பிழைதான் வரும், உள்ளூரில் எழுத விடாது.

இரண்டாவது, மவுண்ட் ஆகாத நிலையில், ஃபோல்டர் காலியாக இருக்கும்போது இதை அடியுங்கள்:

சூடோ சிஎச்அட்டர் +ஐ /எம்என்டி/கணக்கு

சி-எச்-ஏ-டி-டி-ஆர் என்பது எழுத்து. டிஸ்க் எக்ஸ்ட்4 வகையாக இருந்தால் இனி அந்தக் காலி ஃபோல்டருக்குள் ரூட்டாலும் எழுத முடியாது. மேலே ஷேரை மவுண்ட் செய்வதற்கு இது தடையே இல்லை. மவுண்ட் விழுந்துவிட்டால் மென்பொருள் உடனே பிழை காட்டும், இலை இறக்கும்போதே எடை போடுபவர் ஆபீஸுக்குக் குரல் கொடுத்துவிடுவார்.

மூன்றாவது, ஆபீஸ் கணினியின் கணக்கு ஃபோல்டருக்குள் ‘இருக்கு.டெக்ஸ்ட்’ என்று ஒரு சின்ன ஃபைலைப் போட்டு வையுங்கள். பேக்கப் ஸ்கிரிப்டின் முதல் வரியில் ‘டெஸ்ட் -எஃப்’ கொண்டு அந்த ஃபைல் இருக்கிறதா என்று பார்த்து, இல்லை என்றால் அங்கேயே நிறுத்துங்கள். மவுண்ட் ஆகியிருக்கிறதா என்று பார்க்க ‘மவுண்ட்பாயிண்ட்’ என்ற கட்டளையும் இருக்கிறது. ஆனால் ஆட்டோமவுண்ட் போட்டிருந்தால் ஷேர் இல்லாதபோதும் அது ‘ஆம்’ என்று சொல்லிவிடும். அதனால்தான் அடையாள ஃபைலை நம்பச் சொல்கிறேன்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே ஆபீஸ் கணினி நின்றுவிட்டால்?

அந்த ஃபோல்டரைத் தொடும் எல்லாம் கொஞ்ச நேரம் உறைந்தது போல நிற்கும். டிஸ்க் இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ அடித்தாலும் நிற்கும். பதறிப்போய் எடைக் கணினியை அணைக்காதீர்கள். ஆபீஸ் கணினி திரும்ப வந்ததும் லினக்ஸ் தானாகவே தொடர்பைப் புதுப்பித்துக்கொள்ளும். ஆனால் அந்த நொடியில் எழுதிக்கொண்டிருந்த ஃபைல் அரைகுறையாக இருக்கலாம், கடைசிப் பதிவை ரசீதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆபீஸ் கணினி, ரவுட்டர், நடுவில் உள்ள சுவிட்ச் மூன்றுக்கும் யுபிஎஸ் வேண்டும். ரவுட்டரை விட்டுவிட்டுக் கணினிக்கு மட்டும் யுபிஎஸ் போடுவதைப் பல இடங்களில் பார்க்கிறேன், அதனால் ஷேருக்கு எந்தப் பயனும் இல்லை.

தகரக் கூரையும் இயந்திரங்களும் இருக்கும் ஃபேக்டரிக்குள் வைஃபையை நம்ப வேண்டாம். லேன் கேபிள் 100 மீட்டர் வரை போகும், பெரும்பாலான ஃபேக்டரிகளுக்கு அது போதும். கட்டிடத்துக்குக் கட்டிடம் வெட்டவெளியில் இழுப்பதாக இருந்தால் ஃபைபர் போடுங்கள். ஐப்பசி இடிமழையில் செம்புக் கம்பி வழியாக வரும் மின்னல் அதிர்வு இரண்டு பக்கக் கருவிகளையும் எரித்துவிடும்.

விண்டோஸ் கணினியிலிருந்து கமாண்டில் எப்படி?

நெட் யூஸ் இசட்: \\192.168.1.10\கணக்கு * /யூசர்:இலை /பெர்சிஸ்டண்ட்:யெஸ்

நட்சத்திரக் குறி இருந்தால் பாஸ்வேர்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். எரர் 53 என்றால் அந்த முகவரியே கிடைக்கவில்லை. 67 என்றால் ஷேரின் பெயர் தப்பு. 1219 வந்தால் அதே கணினிக்கு வேறொரு பயனர் பெயரில் ஏற்கெனவே தொடர்பு இருக்கிறது, ‘நெட் யூஸ்’ மட்டும் அடித்துப் பட்டியலைப் பார்த்து, பழையதை ‘/டெலீட்’ போட்டு நீக்குங்கள்.

கமாண்ட் ப்ராம்ப்டை ‘ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்து டிரைவை இணைத்தால், எக்ஸ்ப்ளோரரில் அது தெரியாது. இரண்டும் தனித்தனி லாகின் போலத்தான் கணக்கு. சாதாரணமாகத் திறந்து அடியுங்கள், தெரியும்.

பாஸ்வேர்ட் இல்லாத கெஸ்ட் ஷேர் வைத்திருப்பவர்களுக்கு: 2024-ல் வந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு அதைப் பெரும்பாலும் ஏற்க மறுக்கும். அதைச் சுற்றிப்போக வழி தேடாமல் ஷேருக்கு ஒரு பயனரையும் பாஸ்வேர்டையும் வையுங்கள்.

தமிழ்ப் பெயர் வைத்த ஃபைல்கள் கேள்விக்குறியாகத் தெரிகின்றன.

ஆப்ஷனில் ‘ஐஓகேர்செட்=யுடிஎஃப்8’ சேருங்கள், ஐ-ஓ-சி-எச்-ஏ-ஆர்-எஸ்-இ-டி. ஃபைல் பெயரில் முக்காற்புள்ளி, கேள்விக்குறி போடாதீர்கள், விண்டோஸ் அவற்றை ஏற்காது. தேதியை 2025-07-14 என்ற வடிவில் வைத்தால் வரிசையும் தானாக அமையும்.

இரண்டு பக்கமும் லினக்ஸ் என்றால்?

என்எஃப்எஸ் என்ற பகிர்வு நெறிமுறை போதும், சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1984-ல் கொண்டுவந்தது. ‘மவுண்ட் -டி என்எஃப்எஸ் 192.168.1.10:/எஸ்ஆர்வி/கணக்கு /எம்என்டி/கணக்கு’. இரண்டு கணினியிலும் பயனரின் யுஐடி எண் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூர் ஆபீஸிலிருந்து இதே ஷேரை இன்டர்நெட் வழியாக மவுண்ட் செய்யலாமா?

ரவுட்டரில் 445-ஐ வெளியே திறந்து விடச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே முன்பின் தெரியாத கணினிகள் கதவைத் தட்ட ஆரம்பித்துவிடும். வயர்கார்ட் போன்ற விபிஎன் (இன்டர்நெட் வழியே போகும் பூட்டிய தனி வழி) போட்டு, அதன் வழியாகச் செய்யலாம். ஆனாலும் எஸ்எம்பி ஒவ்வொரு சின்ன வேலைக்கும் பலமுறை போய்வந்து பேசும் நெறிமுறை. மலையிலிருந்து வரும் இணைப்பில் மழை நாளில் அது தவழும். கோவைக்குத் தேவை அன்றைய கணக்கின் நகல் மட்டும் என்றால், இரவில் ‘ஆர்சிங்க்’ என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம், எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்பான தொடர்பு வழியே அனுப்பிவிடுங்கள். நடுவில் அறுந்தாலும் மறுநாள் அனுப்பும்போது வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

மவுண்டைக் கழற்றப் போனால் ‘டார்கெட் இஸ் பிஸி’ என்கிறது.

கழற்றும் கட்டளை ‘சூடோ யுமவுண்ட் /எம்என்டி/கணக்கு’. யு-வுக்கு அடுத்து நேராக எம்தான், என் வராது. பிஸி என்றால் யாரோ அந்த ஃபோல்டருக்குள் இருக்கிறார்கள். பெரும்பாலும் அது நீங்கள்தான், உங்கள் டெர்மினலே அதற்குள் நின்றுகொண்டிருக்கும். ‘சிடி’ அடித்து வெளியே வந்து மறுபடி முயலுங்கள். அப்படியும் விடவில்லை என்றால் ‘சூடோ ஃபியூசர் -விஎம் /எம்என்டி/கணக்கு’ யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்லும். ஆபீஸ் கணினி போயே போய்விட்டது, திரும்ப வராது என்ற நிலையில் மட்டும் ‘யுமவுண்ட் -எல்’ பயன்படுத்துங்கள். எழுத வேண்டிய எடை இன்னும் பாக்கி இருக்கும்போது அதைத் தொடாதீர்கள்.